என் வீட்டுக்காரர் கார்ட் ஐயா வீட்டில் படுத்த கிழமை

என்னைக் கட்டிய பிறகுதான் என் வீட்டுக்காரரின் ஆட்டம் கெட்டுப்போனது என்று சீனக்குடாவில் பேசிக்கொண்டார்கள். அதையும் என் காதுபடத்தான் பேசினார்கள். நான் குசினிக்குள் நின்று அவர்களுக்கே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக்காரர் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அவர்கள் விட்டுப்போன கோல்ஃப் மைதானத்தில் நம்மவர்கள் ஆடினார்கள். இவருக்கு எண்ணெய்த் தாங்கிகள் நின்ற குதத்தில், கந்தோரில் எழுத்து வேலை. இளவயதில் துரைமாரின் தடிகளைத் தூக்கித் திரிந்தே ஆட்டத்தைப் படித்தவர். கொழும்பிலிருந்து ஆட வருகிற பெரிய மனிதர்களை ஒருமுறை தோற்கடித்துக் கிண்ணம் வாங்கினார். அன்றிலிருந்து ஒழுங்கை முழுக்க அவருக்கு ரசிகர்கள். அதில் முக்கால்வாசிப் பேர் தடியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. கதைக்கு மட்டும் குறைவில்லை.

நான் கட்டைபறிச்சான் கிராமத்துக்காரி. ஒரு பந்தைக் குழிக்குள் போடுவதற்கு இத்தனை ஆம்பிளைகள் ஏன் மண்டையை உடைக்கிறார்கள் என்று முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. நான் வந்த கையோடு இவர் தோற்கத் தொடங்கினார். சிரிப்பும் நின்றுபோனது.

பின்னேரமானால் எங்கள் விறாந்தையில் கதிரைகள் நிரம்பிவிடும். எதிர்வீட்டுக் கார்ட் ஐயா ஒரு கட்சி. ரயிலில் கார்டாக இருந்து பென்சன் எடுத்தவர், இன்னமும் பச்சைக்கொடி காட்டுகிற தோரணையில்தான் பேசுவார். சந்தியில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்த மூதூர் முதலாளி மற்றக் கட்சி. என் வீட்டுக்காரர் தூர அடிப்பதில் குறையில்லை, குழிக்குக் கிட்ட வந்து மெல்லத் தட்டும்போதுதான் பந்து விலகுகிறது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. ஏன் விலகுகிறது என்பதில்தான் சண்டை. மணிக்கட்டு இறுகிவிட்டது, பிடியைத் தளர்த்தினால் இந்த வருடப் போட்டியில் கிண்ணம் எங்களுக்குத்தான் என்று முதலாளி சாதித்தார்.

கார்ட் ஐயா தொண்டையைச் செருமினார்.

"மணிக்கட்டு ஏன் இறுகுது? ஆளுக்கு நித்திரை இல்லை. புது மாப்பிள்ளை எங்க நித்திரை கொள்ளுறது?"

விறாந்தையே சிரித்தது. இவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குக் காது மடல்வரை கொதித்தது. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. ஆனால் தேத்தண்ணித் தட்டத்தோடு வெளியே போகத்தானே வேண்டும்! போனேன். ஆளுக்கொரு கோப்பையாக எடுத்தார்கள். ஒருவர் முகத்தையும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பகிடியோடு விட்டிருக்கலாம். போட்டி நெருங்க நெருங்க அது தீர்மானமாகிவிட்டது. போட்டிக்கு முந்தின கிழமை, ஏழு இரவும் இவர் கார்ட் ஐயா வீட்டில் படுக்க வேண்டுமாம். அந்தப் பெண்பிள்ளையைக் குற்றம் சொல்லாதீர்கள், அவன் கையில்தான் பிழை என்று முதலாளி சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

உள்ளே வந்தவரிடம் கேட்டேன். "நீங்களும் அப்பிடித்தான் நினைக்கிறீங்களோ?"

"சீ, உமக்கென்ன விசரே? அவையின்ர ஆசைக்காகத்தான் போறன்."

அந்த ஒரு 'சீ'யைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்தக் கிழமையை ஓட்டினேன்.

இரவில் ஒளித்துப் போனாலும் பரவாயில்லை. மனுசன் பொழுது படமுதலே, ஊர் பார்க்க, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒழுங்கையைக் கடந்தார். குழாயடியில் பெண்கள் என்னைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள். ஒருத்திக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை. இவருக்கு இப்போது நல்ல நித்திரையாமே என்று விசாரித்தாள். என் மானம் கப்பலேறிவிட்டது. வாளி நிரம்பமுதலே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். புருசன் பெண்சாதி படுக்கிற விசயம், கடவுளே, சந்திக் கடையில் பேசுகிற விசயமா?

போட்டியன்று சாமிப்படத்துக்கு விளக்கு வைத்தேன். அவர் வெல்ல வேண்டும் என்று கும்பிட வாய் வரவில்லை. வென்றால் கார்ட் ஐயா சொன்னது உண்மையாகிவிடும். இவரைக் கெடுத்தவள் நான்தான் என்பது ஊருக்கு உறுதியாகிவிடும். தோற்கட்டும் என்று நினைத்தேன். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எந்தப் பெண்சாதி அப்படி நினைப்பாள்? வெட்கத்தில் விளக்குக்கு முன்னால் நிற்கவே ஏலாமல் போனது.

வென்றார். ஒழுங்கை முனையில் சீனவெடி கேட்டபோதே தெரிந்துவிட்டது. தோளில் தூக்கிக்கொண்டு வந்து விறாந்தையில் இறக்கினார்கள். கடைசித் தட்டலை ஆளாளுக்கு நடித்துக் காட்டினார்கள். பிடியைத் தளர்த்தியதுதான் காரணம் என்று முதலாளி சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. கார்ட் ஐயா தானே கிண்ணம் வாங்கியதுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

நான் தட்டத்தோடு கதவடியில் நின்றேன். இவர் ஒரு சொல் சொன்னால் போதும். கைதான் திருந்தியது, வேறொன்றுமில்லை என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னால் போதும்.

அடுத்த வருடமும் கிண்ணம் இங்கேதானா என்று யாரோ கேட்டார். இவர் கார்ட் ஐயாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

"அதுக்கென்ன? அடுத்த முறை ஒரு மாதம் முன்னமே ஐயா வீட்டை வந்திடுறன்."

விறாந்தை குலுங்கிச் சிரித்தது. முதலாளி மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் இவர் என் பக்கம் திரும்பினார்.

"என்ன, உமக்குச் சந்தோசமில்லையோ?"

"ஓம், சந்தோசம்" என்றேன். கார்ட் ஐயாதான் முதலில் கைதட்டினார்.