மழைக்குப் பதில் சொன்ன பிள்ளை

இரண்டாயிரமாம் வருஷம் பிறக்காது, அதற்குள் உலகம் முடிந்துவிடும் என்று எங்கள் கம்பம் ஊரில் சிலர் வீடு வீடாகப் பயமுறுத்திக்கொண்டிருந்த காலம் அது. என் வீட்டுக்காரர் அதை நம்பவில்லை. "தீர்க்கதரிசனமெல்லாம் நாளைக்கு நடக்கப்போறதப் பத்தி இல்ல. நமக்குள்ள இருக்கிறதப் பத்தி. பைபிள் கடைசியில வர்ற மிருகமும் நமக்குள்ளதான், பாபிலோனும் நமக்குள்ளதான்" என்பார். உள்ளதைச் சொன்னால், எனக்கும் அது பிடித்திருந்தது. உலகம் அழியாது, மனசைத் திருத்தினால் போதும் என்றால் யாருக்குக் கசக்கும்?

எங்கள் தோட்டத்துத் திராட்சையை வெட்ட வியாபாரி வருவதாக இருந்த அன்று காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. பழுத்த பழத்தில் மழை பட்டால் வெடித்துவிடும். பந்தல் முழுக்க வெடித்து ஈ மொய்த்தது. வியாபாரி ஒரு குலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்.

அன்று வீட்டு ஜெபத்தில் இவர் எடுத்தது, நல்ல பழம் எதிர்பார்த்தவனுக்குத் தோட்டம் புளித்த பழம் தந்த பைபிள் பகுதி. "தோட்டம்ங்கிறது மனசு. நம்ம மனசு புளிச்சிருக்கு. அவங்கவங்க உள்ள பாத்துச் சொல்லுங்க" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. "எனக்குள்ள இடுப்பு வலிதான் இருக்கு" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். மூன்றாவது படிக்கிற என் மகள் எழுந்திருக்கவில்லை. பக்கத்துப் பிள்ளையின் புதுப் பென்சில் பெட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டதாகச் சொன்னாள். இவர் திட்டவில்லை. மெதுவாகத் தலையை ஆட்டினார்.

அதிலிருந்து தினமும் ஒன்று சொன்னாள். சொல்ல எதுவும் இல்லாத நாளில் அழுதாள். "பிள்ளைய விட்ருங்க" என்று சண்டை போட்டேன். "இந்த வீட்டுல அவ ஒருத்திதான் உள்ள பாக்கிறா" என்றார் பெருமையாக. அந்தப் பெருமையை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த முறை பழம் பழுத்துக்கொண்டிருந்தபோது மேகமலைப் பக்கம் கறுத்தது. மகளைக் காணோம். தேடிப் போனால், பந்தலுக்கடியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இங்கன என்னடி பண்ற?"

"எதையும் நெனைக்காம இருக்கேம்மா. தப்பா நெனச்சா மழை வந்துரும். அப்பா சொன்னாகல்ல."

மழை வந்தது. அவள் போட்ட கூச்சலில் இவர் ஓடிவந்தார். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் ஆடிப்போனார். அவளை வாரி எடுத்து, "இது வெறும் மழை ஆத்தா, வானத்துல இருந்து வர்ற மழை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அப்ப போன மழை?" என்று கேட்டாள்.

இவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அதன்பிறகு வீட்டு ஜெபத்தில் பைபிளின் சங்கீதப் பாடல்களை மட்டும்தான் வாசித்தார்; எதற்கும் விளக்கம் சொல்லவில்லை.

மகள் இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறாள். பழம் பழுக்கிற சமயமெல்லாம் அவளிடமிருந்து போன் வந்துவிடும். "அங்கன மழையாம்மா?" என்பாள். கூரைத் தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "நல்ல வெயில் ஆத்தா" என்கிறேன்.