பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணீர் விட்டவன்

புல் வளர்க்கிற வேலையில் பாராட்டு கிடையாது. புல் காய்ந்தால்தான் அங்கே ஒரு தோட்டக்காரன் இருப்பதே மற்றவர்களுக்குத் தெரியும். இந்தத் தொழிலில் இருக்கும் நீங்கள் இதை என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

இராமேஸ்வரத்தில் ஒரு விடுதியில் பதினொரு வருடம் புல்தரை வளர்த்தேன். அதைப் பெயர்த்துவிட்டுப் பிளாஸ்டிக் புல் விரித்த அன்று காலையில் அங்கே நின்றவர்கள்: மேனேஜர், மதுரையிலிருந்து வந்த காண்டிராக்டர், அவருடைய ஆட்கள் நான்கு பேர், வாட்ச்மேன், களை எடுக்கும் காளியம்மாள், நான். மொத்தம் ஒன்பது பேர்.

நான்கு மணி நேரம்

இங்கே போர் தண்ணீர் உப்பு. வாரத்துக்கு இரண்டு லாரி நல்ல தண்ணீர் இறக்கித்தான் அந்தப் புல்லைக் காப்பாற்றினோம். முதலில் ஒரு சாண் இடைவெளி விட்டுத் துண்டு துண்டாக நட்டோம். தரையை மூட ஐந்து மாதம் ஆயிற்று. பெயர்த்து எடுக்க நான்கு மணி நேரம்தான் ஆயிற்று. டிராக்டரில் எட்டு நடை போனது. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் ஓரமாக நின்று நடையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிளாஸ்டிக் சுருளை விரித்து முடித்ததும் காண்டிராக்டர் என் தோளைத் தட்டினார். "பெரியவரே, இது வளராது, காயாது, சாகாது. இனிமே நீங்க நிழல்ல உக்காந்து காலை ஆட்டிக்கிட்டு இருக்கலாம்."

ஒரு ஆள் போதும்

மறுநாள் மேனேஜர் எங்கள் இருவரையும் அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். வளராத புல்லுக்கு இரண்டு ஆள் எதற்கு, தொட்டிச் செடிகளுக்கு ஒருவர் போதும் என்றார். காளியம்மாளை அன்றோடு நிறுத்திவிட்டார். அவள் மகள் இராமநாதபுரத்தில் காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். காளியம்மாள் களை எடுத்துப் போன இடத்தை நான் மறுபடி பார்த்ததே இல்லை, அத்தனை சுத்தம். இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆட்கள் முன்னால் பேச எனக்கு எப்போதுமே வராது. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றேன்.

வாசல்வரை கூடப் போனேன். களைக்கொத்தியைச் சாக்கில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தாள். "வாரேண்ணே. நாளையிலருந்து மண்டபம் ஊருல கருவாடு காய வைக்கப் போறேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

கோயிலிலிருந்து வந்தவர்கள்

சித்திரை மாதம், உச்சிவெயில். ஒரு குடும்பம் கோயிலில் தீர்த்தமாடிவிட்டு ஈரத்துணியோடு, காலில் செருப்பில்லாமல் வந்தது. பச்சையைப் பார்த்ததும் குறுக்கே இறங்கிவிட்டார்கள். பாதி தூரத்தில் பெரியவர்கள் துள்ள ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் அலறின. கூட வந்த அம்மா ஒருவர் என்னைப் பார்த்துக் கத்தினார்: "ஏன்யா, இருபத்திரண்டு தீர்த்தத்தோட முடிஞ்சதுன்னாக. தீமிதி உண்டுன்னு யாருமே சொல்லலையே!"

அன்றிலிருந்து பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர் விடுகிறேன். காலையில் ஒரு தடவை, மதியம் இரண்டு தடவை. இப்போது வாரத்துக்கு மூன்று லாரி வருகிறது. குழாயைப் பிடிக்கக் கூச்சப்பட்டு நின்ற என்னிடம் மேனேஜர் சொன்னார்: "புல்லுக்கு வேர் இல்லைன்னு யோசிக்காதீங்க. வர்றவங்களுக்குக் கால் இருக்குல்ல, ஊத்துங்க."

பிள்ளையாருக்கு

அப்பாவுக்குத் திதி கொடுக்க வந்த ஒருவர் விடியற்காலையில் குனிந்து எதையோ பறித்துக்கொண்டிருந்தார். அறையில் வைத்துக் கும்பிடும் பிள்ளையாருக்கு அருகம்புல்லாம். தயங்கித் தயங்கிப் போய், அது பிளாஸ்டிக் என்று சொன்னேன். கையிலிருந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டார். "இருக்கட்டும்யா. பால்ல தண்ணி, நெய்யில டால்டா, எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டாரு. இதையும் பொறுத்துக்கிடுவாரு."

கோரை

பெயர்த்த அன்று மண்ணைக் கிளறிக் கோரைக் களையின் கிழங்கைப் பொறுக்காமல் மேலே விரித்துவிட்டார்கள். தினமும் மூன்று தடவை தண்ணீர் கிடைத்தால் கோரை சும்மா இருக்குமா? பிளாஸ்டிக்கை ஊசி போலக் குத்திக்கொண்டு மேலே வந்தது. முதல் நாள் பத்தொன்பது. ஒரு வாரத்தில் நூற்று எழுபத்திரண்டு. அவசரமாக இழுத்தால் கிழங்கு உள்ளே நின்றுவிடும், தாள் மட்டும் கையோடு வரும். விரிப்பும் சேர்ந்து பிய்யும். அதற்குக் காளியம்மாள் கைதான் சரி.

மேனேஜர் குந்தி உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்தார். "காளியம்மா வேணும்யா" என்றேன். அவர் காதில் விழவில்லை. கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன். அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "மொதல்ல நீங்களே பிடுங்குங்க. ஞாயித்துக்கிழமைக்கு மேலயும் என் கண்ணுல பட்டா, அந்தம்மாவ வரச் சொல்லுங்க."

தெரிந்து ஒரு களையை விட்டுவைத்தவன் என்று பதினொரு வருடத்தில் என்னை ஒருவரும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிடுங்கி முடித்துக் கை கழுவியபோது, மேனேஜர் அறை ஜன்னலுக்கு நேராக நான் விட்டுவைத்திருந்த கோரை இருபத்து மூன்று.