வளைவில் தெரியாத போர்டு

பிளெக்ஸ் மெஷின் சூடேறும் வாடை மூக்கில் பட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. பெட்ரோலும் கருகிய ரப்பரும் கலந்த மாதிரி ஒரு வாடை. இன்று காலையும் அடித்தது. உடனே ராகலைப் பாதையின் அந்த வளைவு வந்து நின்றது, மூடுபனியும் தேயிலையுமாக.

அந்த வளைவில் ரொட்டிக்கடை போட்டிருந்த பெண், நுவரெலியாவில் நான் வேலை செய்யும் அச்சுக்கடைக்கு வந்தாள். கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டுக் கடை வைத்தவள். பஸ் ஒன்றும் நிற்பதில்லை என்றாள். சித்திரைக்குள் வியாபாரம் பிடிக்காவிட்டால் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகவேண்டியதுதான். பாஸ்போர்ட் கூட எடுத்தாயிற்று. பிள்ளைகளை யாரிடம் விடுவது என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

போனில் பழைய போர்டைக் காட்டினாள். பச்சைப் பின்னணி, தேயிலைக் கொழுந்து, பிள்ளையார், மாதா, கொழும்பில் வேலை செய்யும் தம்பி கூலிங் கிளாஸோடு, அப்புறம் பலகாரங்களின் பெயரெல்லாம். நம் ஆட்கள் போர்டு அடித்தால் அப்படித்தான், யாரையும் விட மனசு வராது. பின்னால் மலை முழுக்க அதே பச்சை. போர்டு தேயிலைக்குள் போய்விட்டிருந்தது.

கொழுந்து பறிக்க மலையில் நிற்பவர்களில் தூரத்திலிருந்து முதலில் தெரிவது யார் என்று கேட்டேன். தலையில் சிவப்புத் துணி கட்டியவள் என்றாள். மேற்பார்க்கும் கங்காணியிடம் முதலில் ஏச்சு வாங்குவதும் அவள்தானாம். சிரித்தாள், வாங்கியவள் மாதிரி.

புதுப் போர்டுக்குச் சிவப்பில் வெள்ளையாக 'ரொட்டி' என்று ஒரே சொல்லை வைத்தேன். சுற்றிலும் ஒன்றுமில்லை. பஸ் வளைவதற்குள் கண் எத்தனையைத்தான் பொறுக்கியெடுக்கும்? அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா கெடக்குற எடத்துல தம்பியச் சின்னதாப் போட்டா என்னண்ணே? கோவிச்சுக்குவான்."

"அது சும்மா கெடக்கல தங்கச்சி. அதுதான் அந்த ஒரு சொல்லத் தூக்கிப் புடிச்சிருக்கு."

தம்பியைக் கடைக்குள் கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டுவதென்று முடிவாயிற்று.

போர்டு கட்டும் நாளில் நானும் போனேன், யாரும் கூப்பிடாமலே. கட்டிய பிறகு பாதையின் மேலும் கீழும் நடந்து நடந்து பார்த்தேன். பனி இறங்கியது. தேயிலை போனது, கடைக்கூரை போனது, சிவப்பு மட்டும் மங்கலாக நின்றது. போதுமா, போதாதா?

திரும்பும் பஸ் வந்தது. கை காட்டினேன், நின்றது. நான் ஏறும்போது டிரைவர் கழுத்தை நீட்டிக் கடைப்பக்கம் பார்த்த மாதிரி இருந்தது. அவள் மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

"அண்ணே, இந்த பஸ் ஒங்களுக்கு நின்னுச்சா, போர்டுக்கு நின்னுச்சா?"