தழும்பு மட்டும் அவளுடையது

தெல்ஃபீன் கரூஜ் பாரீஸ் மேடையில் இருபது வருடத்துக்கு மேல் ஒரே வேலைதான் பார்த்தாள்: திட்டுவது. பழைய நகைச்சுவை நாடகங்களில் இடுப்பில் கைவைத்து எஜமானனை வெளுத்து வாங்கும் வேலைக்காரி வேஷம். சலவைக்காரி மகளுக்கு அதில் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை. நாற்பது தாண்டியதும் நாடகக் கம்பெனி முதலாளி புய்சோன் அவளை நிறுத்திவிட்டார். வேலைக்காரி இளமையாக இருக்க வேண்டுமாம். அறுபது வயது நடிகர் இளங்காதலனாக வருவதில் புய்சோனுக்கு ஆட்சேபம் இருந்ததில்லை.

அப்போதுதான் ஓவியர் ரொன்சே வந்தார். நாடகக் காட்சிகளை வரைந்து மாட்டினால் பணக்காரர்கள் போட்டி போட்டு வாங்கிய காலம் அது.

"வேலைக்காரியா நில்லுங்க மேடம். கண்காட்சியில உங்க முகத்தப் பாத்தா புய்சோன் தானா ஓடி வருவார்."

"முகம் என்னோடதுதானே?"

"பின்னே யாரோடது?"

அந்த வாக்கை நம்பிக் குளிர்காலம் முழுக்க நின்றாள். ஒரு கை இடுப்பில். மறுகை விரல் எஜமானன் மூக்குக்கு நேரே. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் இருப்பது அவளுக்குப் புது அனுபவம்.

கண்காட்சிக்கு ஞாயிற்றுக்கிழமை காசில்லாமல் போகலாம். இருந்ததில் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு போனாள். படத்தின் முன்னால் ஒரே கூட்டம். இடுப்பு அவளுடையது. கை அவளுடையது. மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பைக்கூட ரொன்சே விடாமல் வரைந்திருந்தார். கழுத்துக்கு மேலே மட்டும் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்திலேயே ரொன்சே, புய்சோனோடு நின்றார்.

"ஏன்யா, என் தழும்பு வேணும், என் மூஞ்சி வேணாமா?"

"மெதுவா பேசுங்க மேடம்... படத்த வாங்குன கையுறைக் கடைக்காரர் தன் பொண்ணு முகத்தக் கேட்டார். நான் என்ன பண்ண?"

அவள் கை தானாக இடுப்புக்குப் போனது. மறுகை ரொன்சேயின் மூக்குக்கு நேரே எழுந்தது.

"நீ கம்பளி போத்திக்கிட்டு அசையாதேன்னு கத்துவே, நான் கால் மரத்து நிக்கணும்! கழுத்து வரைக்கும் நான், மேல கடைக்காரர் பொண்ணா? பாரீஸ்ல தலை வெட்டுற காலம் போச்சுன்னுல்ல நெனச்சேன்!"

மேலே படம், கீழே அதே கோலத்தில் அவள். கூட்டம் வெடித்துச் சிரித்தது. ஏற்பாடு செய்த வேடிக்கை என்று நினைத்துக் கை தட்டியது.

"சிரிக்காதீங்க, தடிமாடுங்களா!"

கைதட்டல் இரட்டித்தது.

புய்சோன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அபாரம் தெல்ஃபீன்! திங்கக்கிழமையே வந்துடு. மாமியார் வேஷம் தர்றேன்."

"வேலைக்காரி வேஷம்னா வர்றேன்."

அவர் படத்தைக் காட்டினார். "வேலைக்காரிதான் அதோ இருக்காளே."

தெல்ஃபீன் அந்த ரோஜா நிற முகத்தை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அப்போ அவளையே கூட்டிட்டுப் போய் மேடையில ஏத்து. வாயத் திறக்கட்டும், பாக்கலாம்."

கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு வெளியேறினாள். இடி வாங்கியவர்களும் கை தட்டினார்கள்.