விராலின் வாலில் ஒரு முக்கோணம்

எனக்கு மன்னிக்கிற குணம் கிடையாது. ஆவடியில் என்னோடு பழகியவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். ஒரு வருஷம் என் பக்கத்திலேயே நின்று கேமரா பிடித்தவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு ஃப்ளை ஃபிஷிங் யூடியூப் சேனல் ஆரம்பித்தவன் நான். இதில் புழு கிடையாது. கோழி இறகைக் கொக்கியில் நூலால் சுற்றி ஈ மாதிரி செய்து, ஏரியில் வீசி வீசி இழுக்க வேண்டும். கோவில்பதாகை ஏரியில் பத்து நாள் வீசினால் ஒரு கெண்டை சிக்கும். பார்க்கிற ஜனத்துக்கு அந்தப் பொறுமை ஏது? பெரிய மீன் எங்கே, குழம்பு எங்கே என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வந்த வருமானம் என் போன் ரீசார்ஜுக்கே போதவில்லை. ரம்ஜான் நோன்பு பிறக்கிற வரைக்கும்தான் பொறுப்பேன், அப்புறம் கம்பெனிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று மனைவி கெடு வைத்தாள். அவள் தையல் மிஷினில்தான் வீடு ஓடியது. சரி என்றேன்.

இந்த நேரம் பார்த்து, கேமரா பிடித்துக்கொண்டிருந்த அவன் கழன்றுகொண்டான். தனியாக ஒரு சேனல் தொடங்கினான். என்னிடம் கற்ற அதே இறகு ஈயில் ஞாயிறுதோறும் முழங்கை நீள விரால் பிடித்தான். என்னைப் பற்றி, மீன் சிக்காமல் ஏரிக்கரையில் சாட்டை சுற்றுகிற ஆள் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். என் சப்ஸ்கிரைபர்களில் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள்.

ஒரு நாள் மார்க்கெட்டுக்குப் போனேன். உயிர் விரால் விற்கிற அக்கா பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"இன்னா பாய், உன் தோஸ்து ஞாயித்துக்கெழம ஆனா ஒரு விரால உசுரோட பக்கெட்ல போட்டுகினு போறான். வெட்டித் தரேன்னா வாணான்றான். ஊட்ல வளக்கிறானா?"

அன்றைக்கு வந்த சந்தோஷத்தில் மீன் வாங்கவே மறந்துபோனேன்.

அடுத்த ஞாயிறு அவனுக்கு முன்னால் போய் நின்றேன். தொட்டியில் மூன்று விரால் கிடந்தன. விஷயத்தைச் சொன்னதும் அக்காவே கத்திரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள். எதை எடுத்தாலும் மாட்டட்டும் என்று மூன்றின் வாலிலும் ஓரமாக ஒரு முக்கோணம் நறுக்கினேன். அன்றைய பேப்பரைப் பக்கத்தில் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டேன்.

சாயந்திரம் அவன் வீடியோ வந்தது. ஏரியில் பிடித்ததாகச் சொல்லி விராலைத் தூக்கி, வாலை விரித்துக் காட்டினான். வாலைக் காட்டினால்தான் நீளம் தெரியும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். முக்கோணம் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு வீடியோவையும் ஒட்டிப் போட்டேன்.

அதுவரை நான் போட்டதையெல்லாம் சேர்த்தாலும் அத்தனை பேர் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் அவன் சேனலை மூடிவிட்டுப் போன் செய்தான்.

"இன்னா மச்சான், சோத்துல மண்ணப் போட்டுட்டியே."

"மொதல்ல போட்டவன் நீ" என்று வைத்துவிட்டேன். பிரியாணி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இனி கெடுவும் இல்லை, கம்பெனியும் இல்லை என்று நினைத்தேன்.

மறு வாரமே என் இறகு ஈயை நிஜமாக ஒரு விரால் கவ்வியது. நான் பிடித்ததிலேயே பெரியது. வீடியோ எடுத்து, கரையில் உட்கார்ந்தே போட்டேன். முதல் கமெண்ட், வாலைக் காட்டு பாய் என்று வந்தது. வால் முழுசாக இருப்பதைக் காட்டி இன்னொன்று போட்டேன். வெட்டாததாகப் பார்த்து வாங்கினாயா என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு எதைப் போட்டாலும் அதே கேள்வி, அதே சிரிப்பு. நோன்புக்கு நாலு நாள் முன்னால் கம்பெனிக்குத் திரும்பினேன்.

அவன்மேல் இருக்கிற ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. இன்றைக்கு வாய்ப்புக் கிடைத்தாலும் மறுபடி நறுக்குவேன். ஆனால் நான் நிஜமாகப் பிடித்த அந்த விராலை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, மீன் ஆய உட்கார்ந்த மனைவி கத்தியை எடுக்குமுன் அதன் வாலைத் தூக்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.