கம்பேனியனுக்கு என்ன வேலை?

வயதானவர்களுக்குத் துணைக்கு ஆள் அனுப்பும் கம்பெனியிலிருந்து வந்தவர் என்பதால் எங்களுக்கு அவர் கம்பெனி அக்கா. கழுத்தில் தொங்கிய அட்டையில் 'கம்பேனியன்' என்று இருந்தது. அதற்குமுன் துணிக்கடையில் பல வருடம் கால்கடுக்க நின்றவர். என் அம்மாவோடு உட்கார்ந்திருந்தால் போதும் என்றதும் சேர்ந்துவிட்டார். அதில் வேலை எது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

"நர்ஸுன்னா ஊசி, சமையல்காரம்மான்னா அடுப்பு. நான் எதுக்கு சார்?"

நான் ஆங்கில வாத்தியார். இப்படி ஒரு கேள்வி வந்தால் சும்மா இருப்பேனா? "இது பிரெஞ்சு வழியா வந்த வார்த்தை, அக்கா. பின்னாடி போனா லத்தீன்ல 'கொம்பானியோ'. 'கொம்'னா கூட, 'பானிஸ்'னா ரொட்டி. கம்பெனியும் இதே குடும்பம்தான்."

"அப்ப கம்பெனிக்காரங்களுக்கும் ரொட்டி வாங்கணுமா?"

கேலி செய்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் ரொட்டி பாக்கெட்டோடு வந்தார். அதற்கடுத்த நாளும். அம்மாவோ, அப்பா போனதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதே இல்லை. தட்டு போனபடியே திரும்பி வரும். எடை இன்னும் குறைந்தால் மூக்கில் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பயத்தில் நான் இருக்க, ஃபிரிட்ஜைத் திறந்தால் ரொட்டியாக வந்து விழுகிறது!

"எதுக்கு அக்கா இவ்வளவு?"

"ரொட்டியோட வர்றவதான் கம்பேனியன்னு நீங்கதானே சொன்னீங்க?"

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "கொண்டு வர்றது இல்ல அக்கா. ஒண்ணா உக்காந்து, ரொட்டியைப் பங்கு போட்டுச் சாப்பிடுறவங்க. அது அந்தக் காலத்து அர்த்தம்."

அக்கா இன்னும் குழம்பினார். "போற வீட்டுல கூட உக்காந்து சாப்பிட்டா வேலை போயிடும்னு ஆபீஸ்ல கறாரா சொல்லியிருக்காங்களே. அப்புறம் எதுக்கு இந்தப் பேரை வச்சாங்க?"

அக்கா வழக்கம்போலத் தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, தனியாகச் சாப்பிடப் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனார்.

இரண்டு நாள் கழித்து, மறந்துவிட்டுப் போன விடைத்தாள் கட்டை எடுக்க மதியம் வீட்டுக்கு வந்தேன். சாப்பாட்டு மேஜையில் அம்மா. எதிரே டப்பாவைத் திறந்துவைத்து அக்கா. அம்மாவின் தட்டு பாதி காலியாகியிருந்தது.

என்னைக் கண்டதும் அக்கா பதறி எழுந்தார். "சார், ஆபீஸ்ல சொல்லிடாதீங்க. எது சரின்னே எனக்குத் தெரியல."

அம்மா வாய் நிறையச் சாப்பாட்டோடு என்னை முறைத்தாள்.

"ஏன்டா அவளை எழுப்புறே? அவ போயிட்டா நான் யாரோட சாப்பிடுறது?"