“நாம எதுல தோத்தோம்?” என்று கேட்ட அப்பா

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அப்பாவிடம் படித்தவர்களுக்கும் என் வணக்கம். அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார் அம்மா. நல்லதையும் எழுதுகிறேன். ஆனால் என் மனம் இன்னும் ஆறவில்லை. அதை மறைத்து எழுத எனக்கு வராது.

அப்பா பிறந்தது இங்கே பர்மாவில், கியாக்தானில். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலைக்காகத் தாத்தா குடும்பத்தோடு அலோனுக்கு வந்தார். கிடங்குக்குப் பின்னால் ஒற்றை அறையில் வளர்ந்துதான் அப்பா பட்டம் வாங்கினார். குடியுரிமை அட்டைக்காகப் பல வருடம் அலைந்ததில் அரசு வேலைக்கான வயது போய்விட்டது. பக்கத்துப் பேட்டையான லான்மடாவில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் வரலாற்றுப் பாடத்துக்கு டியூஷன் வைத்தார். தமிழ்ப் பிள்ளைகளும் பர்மியப் பிள்ளைகளும் அவரை ‘சயா’ என்றுதான் அழைப்பார்கள். வாத்தியாருக்கு இங்கே அதுதான் மரியாதைச் சொல். சம்பளம் கொடுக்க முடியாத பிள்ளையிடம் அப்பா வாய் திறந்து கேட்டதே இல்லை. அம்மா கேட்டால் அம்மாவுக்குத் திட்டு விழும்.

போரில் தோற்ற ஜெர்மனியைப் பற்றிய பாடம் என்றால் அப்பாவுக்கு உயிர். புருஷன் கூலி வாங்கிய கையோடு, விலை ஏறுவதற்குள் கடைக்கு ஓடிய மனைவிமார், உருளைக்கிழங்குக்குச் சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்த வீட்டுக்காரர், மெடலைக் குத்திக்கொண்டே பிச்சை கேட்ட சிப்பாய், தெருவில் அடித்துக்கொண்ட கட்சிக்காரர்கள் எல்லாரையும் பக்கத்து வீட்டுக்காரர்கள் போலச் சொல்வார். கடைசியில் மேசையைத் தட்டுவார். “இதுக்கு மேல என்ன கெட்டுடப் போவுதுன்னு ஒக்காந்திருந்தாங்க பாரு, அதுதான்டா பெரிய தோல்வி!”

பிறகு எங்கள் ஊரிலும் அதே நிலைமை வந்தது. ஆட்சி பட்டாளத்தின் கைக்கு மாறியது. வங்கி வாசலில் விடியற்காலையிலேயே வரிசை. எண்ணெய் விலையைக் கேட்டுவிட்டு அம்மா வெறும் போத்தலோடு திரும்புவார். மின்சாரம் வருவதே அதிசயம். அப்புறம் வாலிபர்களைப் பட்டாளத்தில் சேர்க்கும் சட்டம் வந்தது. தம்பிக்கு அதற்கேற்ற வயது.

“அப்பா, நான் தாய்லாந்துப் பக்கம் போயிடுறேன்” என்றான் தம்பி.

“எதுக்குடா? நம்மள இந்த நாட்டு ஆளுன்னே இவங்க எண்ணினது கெடையாது. அட்டைக்கு நான் நாயா அலைஞ்சவன். பட்டாளத்துக்கு மட்டும் கூப்புடுவாங்களாக்கும்?”

“ஜெர்மன்காரங்களும் இப்படித்தானப்பா ஒக்காந்திருந்தாங்க?”

அப்பா சிரித்தார். “அடேய், அது தோத்த நாடு. நாம எதுல தோத்தோம்?”

ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவர் தன் வீட்டுக்குச் சொல்லவில்லை. தம்பியும் அப்பா பேச்சைத் தட்டாமல் இருந்துவிட்டான்.

ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவனைப் பேருந்து நிறுத்தத்திலேயே பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பா ஆள் சேர்க்கும் அலுவலகத்துக்கு ஓடினார். நானும் கூடவே போனேன். இந்திய வம்சத்து ஆட்களான எங்களைத் தெருவில் ஏளனமாகக் ‘கலா’ என்பார்கள். அந்தச் சொல்லைச் சொன்னவர்களோடு அப்பா பேச்சையே நிறுத்தியிருக்கிறார். அன்றைக்கு அவரே கைகூப்பி, “இவன் கலாப் பையன் ஐயா, விட்டுடுங்க” என்று பர்மிய மொழியில் கெஞ்சினார்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகவே பதில் சொன்னார். “அட்டை இருக்கிறதே சயா. நீங்களும் இந்த நாட்டுக்காரர்தானே.”

வாழ்நாளெல்லாம் கேட்க ஏங்கிய வார்த்தை. அன்றைக்கா அது அப்பா காதில் விழ வேண்டும்!

தம்பி ஒரே ஒருமுறை தொலைபேசியில் பேசினான். வடக்கே சண்டைக்கு அனுப்புகிறார்கள் என்றான். அதன்பின் தகவல் இல்லை. அப்பா டியூஷனை நிறுத்திவிட்டார், தினமும் போட்டுவந்த மாத்திரையையும் நிறுத்திவிட்டார். கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தோத்துட்டோம்மா. எதுல தோத்தோம்னுதான் தெரியல” என்றார்.

கொள்ளி வைக்க மகன் இல்லாத குறையைத் தீர்த்த சித்தப்பா மகனுக்கும், வண்டி கிடைக்காத நேரத்தில் அப்பாவைத் தோளில் சுமந்து வீட்டு மாடியிறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அவரது மாணவர்களுக்கும், மருந்துக்குக் காசு வாங்க மறுத்த டியூஷன் மாடிக்குக் கீழே மருந்துக்கடை வைத்திருக்கும் பர்மிய அக்காவுக்கும், அம்மாவைத் தனியே விடாத அலோன் உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாம் சரியாகிவிடும் என்றீர்கள். அது மட்டும் வேண்டாம். எங்கள் வீட்டில் அந்த மாதிரிப் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருந்தது போதும்.

கடைசியாக ஒன்று. வடக்கே போகிறவர்கள், வருகிறவர்கள் யார் கண்ணிலாவது தம்பி பட்டால் அப்பா போய்விட்டார் என்று சொல்லிவிடாதீர்கள். வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், போதும். அப்பா போன சேதியை அவனிடம் நான்தான் சொல்ல வேண்டும்.